32 வயதில் ஒட்டிய வெள்ளை மீசை: ஒரு குணச்சித்திர நடிகரின் தொழில் வாழ்க்கை

விவரம் எங்கிருந்து வந்தது

இது 1950, 60களின் தமிழ்ப் படங்களில் அப்பாவாகவும் மிராசுதாராகவும் கணக்குப்பிள்ளையாகவும் நீதிபதியாகவும் வந்துபோன ஒரு நடிகரைப் பற்றியது. முகத்தைக் காட்டினால் பழைய படம் பார்ப்பவர்கள் "அட, இவரா" என்பார்கள், ஆனால் பெயர் வாயில் வராது. குடும்பத்தார் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். படப் பெயர்களை எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் அவற்றையும் விட்டிருக்கிறேன்.

முக்கிய ஆதாரம் ஒரு நீளமான கணக்கு நோட்டு. 1951 ஜனவரி முதல் 1979 வரை அவரே கைப்பட எழுதியது. தேதி, கம்பெனி, ஸ்டுடியோ, போன நாட்கள், பேசிய தொகை, வந்த தொகை, பாக்கி என்று கட்டம் போட்டிருக்கிறார். அதோடு அவருடைய மூத்த மகனும் மகளும் சொன்னவை, பழைய பாட்டுப் புத்தகங்கள் (படம் வெளியாகும்போது பாடல்களை அச்சடித்து விற்றவை) சேர்க்கிற ஒரு நண்பரின் பெட்டி. இவற்றை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் உட்கார்ந்தோம்.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். வெளியே இருப்பவர்கள் இவரைத் "துணை நடிகர்" என்று எழுதிவிடுகிறார்கள். கோடம்பாக்கத்தில் துணை நடிகர் என்றால் கூட்டத்தில் நிற்பவர், ஏஜென்ட் மூலம் வந்து நாள் கூலி வாங்குபவர். பெயருள்ள பாத்திரமும் வசனமும் படத்துக்கு இவ்வளவு என்று பேசிய தொகையும் உள்ளவர் குணச்சித்திர நடிகர். இவருடைய மொத்த வாழ்க்கையும் இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கப் பாடுபட்டதுதான், அதனால் இந்த வித்தியாசம் தெரியாமல் மேலே படித்தால் அவர் எடுத்த முடிவுகள் புரியாது.

பின்னணி: கம்பெனிப் பையன்

பிறந்தது 1921. அப்பா இறந்த பிறகு, 9 வயதில் ஒரு பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் தொடங்கிய பாலர் சபையின் வழியில் வந்த கம்பெனிகளில் ஒன்று. சாப்பாடு, தங்க இடம், வீட்டுக்குக் கொஞ்சம் பணம். விடியற்காலையில் பாட்டுப் பாடம், பகலில் வசன ஒத்திகை, இரவு நாடகம். குரல் நன்றாக இருந்ததால் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், கொடுத்தார்கள்.

14 வயதில் மகரக்கட்டு வந்தது. குரல் உடைந்த பையனைக் கம்பெனி என்ன செய்யும்? சிலரை வீட்டுக்கு அனுப்பிவிடும், சிலரை சின்ன வேஷங்களுக்குத் தள்ளும். இவர் இரண்டாவது வகை. மந்திரி, சேவகன், முனிவர் என்று ஒரே நாடகத்தில் மூன்று நான்கு வேஷம் கட்டினார். இங்கேதான் தாடி ஒட்டிக்கொண்டு குரலைக் கனமாக்கிப் பேசக் கற்றதாகப் பின்னாளில் மகளிடம் சொல்லியிருக்கிறார். பதினைந்து வயதுப் பையன் எழுபது வயது முனிவராக நடிப்பது மேடையில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

1943-ல் சினிமாவுக்கு வந்தார். கோவையில் ஒரு ஸ்டுடியோவில் மாதச் சம்பளம், 60 ரூபாய். அப்போது சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையில் சென்ட்ரல், சென்னையில் ஜெமினி என்று தொழில் பல ஊர்களில் பரவியிருந்தது. மாதச் சம்பள நடிகர் என்றால் படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும், கொடுத்த வேஷத்தைப் போட வேண்டும்.

வந்த நேரம் சரியில்லை. உலகப் போரால் கச்சா ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்கக் கட்டுப்பாடு. அதற்கு முன்பு மூன்று மணி நேரத்தைத் தாண்டி ஓடிய படங்கள் இருந்தன. 11,000 அடி என்றால் இரண்டு மணி நேரம்தான். வெட்டும்போது நாயகன் காட்சியில் கை வைக்க மாட்டார்கள், பாட்டில் வைக்க மாட்டார்கள். சின்ன வேஷங்கள்தான் போகும். தான் நடித்த முதல் இரண்டு படங்களில் தன்னுடைய காட்சி எதுவுமே மிஞ்சவில்லை என்று அவர் சொன்னதாக மகன் சொல்கிறார். பாட்டுப் பயிற்சியும் வீணானது, ஏனென்றால் பின்னணிக் குரல் வந்துவிட்டிருந்தது. பாடத் தெரிந்தவன்தான் நடிகன் என்ற காலம் இவர் உள்ளே நுழைகிற சமயத்தில் முடிந்துகொண்டிருந்தது.

சென்னைக்கு வந்தது

1950-ஐ ஒட்டித் தொழில் சென்னைக்குக் குவிய ஆரம்பித்தது. ஏவி.எம். காரைக்குடியிலிருந்து 1948-லேயே கோடம்பாக்கத்துக்கு வந்துவிட்டது. இவரும் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு 1950 கடைசியில் மனைவி, இரண்டு குழந்தைகளோடு வந்தார். வயது 29.

அப்போது அவர் மனதில் இருந்தது நாயகன் வேஷமா என்று கேட்டேன். மகன் உடனே "ஆமாம்" என்றார், மகள் இல்லை என்றார். என்னுடைய கணிப்பு, அந்தக் கதவு திறந்திருக்கிறது என்று நம்புவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. எம்.ஜி.ஆர். 1936-ல் சின்ன வேஷத்தில் அறிமுகமாகி, 11 வருடம் காத்திருந்து, 1947-ல்தான் நாயகன் ஆனார். அதே 1936 படத்தில் அறிமுகமான டி.எஸ். பாலையா வேறு வழியில் போய், வில்லனாகவும் நகைச்சுவையிலும் குணச்சித்திரத்திலும் 1972-ல் இறக்கும் வரை தனக்கென்று ஓர் இடம் வைத்திருந்தார். இரண்டு வழியும் கண் முன்னே இருந்தன.

நோட்டில் 1951-ல் 38 நாள் வேலை, 1952-ல் 41 நாள். இரண்டு வருடத்தில் 79 நாள் வேலையை வைத்துக்கொண்டு நான்கு பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களின் ஓரத்தில் கடன் வாங்கிய கணக்குகளும் இருக்கின்றன.

முதல் முடிவு: கிழவன் வேஷம்

1953-ல் ஒரு படத்தில் நாயகியின் அப்பாவாக நடித்துக்கொண்டிருந்தவர் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டார். செட் போட்டாகிவிட்டது, ஃப்ளோர் வாடகை ஓடுகிறது, நாயகனின் கால்ஷீட் இன்னும் நான்கு நாள்தான். அதே படத்தில் நாயகனின் நண்பனாக இரண்டு காட்சியில் வரவேண்டிய இவரைப் புரொடக்‌ஷன் மானேஜர் கூப்பிட்டு, அப்பா வேஷம் போடுகிறாயா என்று கேட்டார். நண்பன் வேஷத்துக்கு 150 ரூபாய் பேசியிருந்தது, இதற்கு 600.

அன்று இரவு வீட்டில் வந்து சொன்னபோது மனைவி வேண்டாம் என்றாராம். ஒரு முறை நரை ஒட்டினால் அப்புறம் கருப்பு மீசைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது அவருடைய பயம். நாடகக் குடும்பத்திலிருந்து வந்தவர், அவருக்கு இது தெரிந்திருக்கிறது. இவர் சொன்ன பதில் மகளுக்கு அப்படியே நினைவிருக்கிறது: "கருப்பு மீசைக்கு இப்ப மட்டும் யாரு கூப்பிடறா?"

போட்டார். வயது 32. நாயகியின் வயது 24.

இதில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. அந்தப் படத்தை நானும் பார்த்தேன். மற்ற இளம் நடிகர்கள் கிழவனாக நடித்தால் முதுகை வளைத்துக் குரலை நடுங்கவிடுவார்கள், அது மேடை வழக்கம். இவர் முதுகை வளைக்கவே இல்லை. உட்காரும்போது மட்டும் கையை முட்டியில் ஊன்றி இரண்டு கட்டமாக உட்காருகிறார், பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறார். குரலைக் குறைத்துவிட்டார். மைக் இருக்கும்போது கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்பதை, கம்பெனியிலிருந்து வந்த பலர் புரிந்துகொள்ளாத அந்த விஷயத்தை, கோவையில் சும்மா உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்த ஏழு வருடத்தில் பிடித்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருடம் நோட்டில் 112 நாள், அதற்கடுத்த வருடம் 150-ஐத் தாண்டிவிட்டது. எல்லாமே அப்பா, மாமனார், பண்ணையார், டாக்டர். மனைவி பயந்ததும் நடந்தது. 1956-க்குப் பிறகு நோட்டில் வயதுக்கு ஏற்ற வேஷம் ஒன்றுகூட இல்லை.

இவர் மட்டும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். எஸ்.வி. ரங்காராவ் பிறந்தது 1918-ல், எம்.ஜி.ஆரைவிட ஒரு வயது சின்னவர். ஆனால் முப்பதுகளிலேயே பெரியவர் வேஷங்களுக்குப் போய், அப்பா என்றால் அவர்தான் என்று ஆகிவிட்டது. 1974-ல் இறந்தபோது அவருக்கு 56 வயதுதான் என்று சொன்னால் இன்றைக்கும் பலர் நம்புவதில்லை.

நோட்டில் தெரிந்தது

மொத்தம் 94 படங்களுக்குப் பதிவு இருக்கிறது. முதலில் நாங்கள் படங்களைத்தான் எண்ணினோம். பிறகுதான் நாட்களுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன வட்டங்களைக் கவனித்தோம். என்னவென்று மகனுக்கும் தெரியவில்லை. ஒரு பக்கத்தின் கீழே அவரே எழுதியிருந்தார்: "வட்டம் போட்டது மேக்கப் போட்டு ஷாட் இல்லாத நாள்."

1958-ல் மட்டும் 171 நாள் ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார், அதில் 64 நாள் வட்டம். காலை ஏழு மணிக்கு மீசை ஒட்டி, வேட்டி கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, சாயந்திரம் மீசையைப் பிய்த்துவிட்டு வீட்டுக்கு வந்த நாட்கள். நாயகனோ நாயகியோ வரவில்லை, வந்தாலும் வேறு காட்சி எடுத்தார்கள்.

நாள் கூலியாக இருந்தால் காத்திருந்ததற்கும் காசு வந்திருக்கும். இவருடையது படத்துக்கு இவ்வளவு என்று பேசியது. எட்டு நாள் என்று சொல்லி 900 ரூபாய் பேசிய ஒரு படம் 31 நாள் ஆனது. நாளுக்கு 112 ரூபாய் என்று நினைத்தது 29 ரூபாயாக இறங்கிவிட்டது, அந்த 23 நாளில் வேறு படத்துக்கும் போக முடியவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதற்கு அவர் கொடுத்த விலை இது. நாள் கணக்கில் வாங்குகிறேன் என்று சொன்னால் துணை நடிகர் ஆகிவிடுவோம் என்று அவர் உண்மையாகவே பயந்தார்.

அப்புறம் பாக்கி. 94-ல் 27 படங்களுக்குப் பாக்கிக் கட்டம் கடைசி வரை அடிக்கப்படவில்லை. அதில் 11 பாதியில் நின்றுபோன படங்கள், அதை விட்டுவிடலாம். மீதி 16 வெளியாகி ஓடிய படங்கள். 101 ரூபாய் அட்வான்ஸ், மீதி வாய்ப்பேச்சு, அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பின்னாளில் நடிகர்கள் டப்பிங்குக்கு வருவதற்கு முன் பாக்கியைக் கேட்டு வாங்கிக்கொள்ள முடிந்தது. இவருடைய நல்ல காலத்தில் ஸ்டுடியோவுக்குள் எடுத்த காட்சிகளில் குரலையும் அங்கேயே பதிவு செய்துவிடுவார்கள். கடைசி நாள் மீசையைப் பிய்த்ததும் இவர் கையில் பிடிமானம் எதுவும் இல்லை. ஒரே ஒரு தடவை ஒரு கம்பெனி அலுவலகத்துக்குப் போய்ப் பாக்கி கேட்டாராம். பணம் வந்தது, ஆனால் அதற்குப் பிறகு ஐந்து மாதம் எங்கிருந்தும் அழைப்பு இல்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அவர் உண்டு என்று முடிவு செய்துகொண்டார், மறுபடி எங்கும் போய்க் கேட்கவில்லை.

இரண்டாவது முடிவு: மேடையை விட்டது

1961-ல் ஒரு நாடகக் குழு அவரைத் தேடி வந்தது. சென்னையில் சபா நாடகங்கள் சூடுபிடித்திருந்த நேரம். நடுத்தர வயது மனிதன் ஒருவனை மையமாக வைத்து எழுதிய நாடகம், முக்கிய வேஷம் இவருக்கு. நரை கிடையாது. 40 வயதுக்காரனை 40 வயதுக்காரனே நடிக்க வேண்டும்.

மூன்று நாள் யோசித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாரத்துக்கு இரண்டு மாலை நாடகம், ஒத்திகைக்குத் தனியாக நேரம். ஏழு மணிக்கு மேடையில் இருக்க வேண்டுமென்றால் நாலரைக்கு ஸ்டுடியோவை விட்டுக் கிளம்ப வேண்டும். நாயகன் கேட்டால் அனுப்புவார்கள், அப்பா வேஷக்காரர் கேட்டால் வேறு அப்பாவைப் பார்ப்பார்கள். அந்த வருடம் மூத்த மகனுக்குக் கல்லூரிச் செலவு வேறு ஆரம்பித்திருந்தது. அன்றைய கணக்குப்படி அது நியாயமான முடிவு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிந்தைய 18 வருட நோட்டையும் பார்த்துவிட்டவன் என்ற முறையில், இந்த ஒரு பக்கத்தில் மட்டும் என்னால் சும்மா நகர முடியவில்லை. அந்தத் தேதிக்கு எதிரே அவர் "நாடகம், இல்லை" என்று இரண்டு சொல் எழுதியிருக்கிறார். நோட்டில் நடிக்காத ஒன்றைக் குறித்துவைத்தது அந்த ஒரு இடத்தில்தான்.

பிறகு நடந்தது

1960கள் முழுக்க வருடம் 130 நாளுக்குக் குறையாமல் வேலை. 1965-ல் படத்துக்கு 3,000 ரூபாய் வரை போனது. அதுதான் உச்சம்.

1970-க்குப் பிறகு நாட்கள் சரிந்தன: 88, 61, 40. அவருக்கு 50 ஆகிவிட்டது, நரை ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. கடைசியில் வேஷமும் வயதும் ஒன்று சேர்ந்த நேரத்தில் வேலை போனது. காரணங்கள் பல. வண்ணப்படங்களின் காலத்தில் ஒட்டு மீசையும் விக்கின் ஓரமும் பளிச்சென்று தெரிந்தன, பழைய மேக்கப் பழகிய முகங்களை ஒளிப்பதிவாளர்கள் தவிர்த்தார்கள். நாயகர்களாக இருந்தவர்களே அப்பா வேஷத்துக்கு இறங்கி வந்தார்கள், பெயர் தெரிந்த அப்பா கிடைக்கும்போது பெயர் தெரியாத அப்பா எதற்கு? 1970களின் பிற்பகுதியில் கேமரா கிராமத்துக்குப் போய்விட்டது. அங்கே வேண்டியிருந்தது வெயில் பட்ட முகமும் பேச்சுத் தமிழும். இவருடைய வசனம் 20 வருடம் மாடிப்படி வைத்த பங்களா செட்டுகளில் பழகியது.

1975-ல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியதும் நாடகத்துக்கு ஆள் தேடினார்கள். மேடையில் இருந்தவர்களுக்கு அது சுலபமாக அமைந்தது. இவரை யாரும் நினைக்கவில்லை, இவரும் போய் நிற்கவில்லை. 1979-ல் கடைசிப் பதிவு, இரண்டு நாள், நீதிபதி. 1986-ல் காலமானார். அதற்குள் மகன் வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் பட்டினி இல்லை. வீடும் வாடகை வீடுதான்.

படங்களைச் சரிபார்த்ததில் கிடைத்தவை

94 பதிவுகளில் 68 படங்களில் அவர் முகத்தைக் கண்ணால் பார்த்து உறுதி செய்தோம். 15 வெளியாகவே இல்லை. 9 வெளியானதற்குப் பாட்டுப் புத்தகம் இருக்கிறது, பிரின்ட் கிடைக்கவில்லை. பார்த்த 68-ல் டைட்டிலில் பெயர் வந்தது 41-ல் மட்டும். மீதியில் "மற்றும் பலர்".

ஆரம்பத்தில் ஒரு விதி வைத்துக்கொண்டோம். நோட்டு மட்டும் போதாது, முகமும் தெரிய வேண்டும். இதனால் வேலை இரண்டு மடங்கானது, ஆனால் நல்லதாகப் போயிற்று. அதே பெயரில் வேறொரு நடிகர் இருந்திருக்கிறார், இணையத்தில் கிடைத்த பட்டியல்களில் இருவரையும் ஒருவராக்கிவிட்டார்கள். அந்த இன்னொருவரின் 12 படங்களை இவர் கணக்கிலிருந்து எடுத்தோம். மகனுக்கு வருத்தம்தான், அதில் ஒன்று அவர் பெருமையாகச் சொல்லிவந்த படம்.

மறுபடி நடந்தால் எதை மாற்றுவது

அவரே கடைசிக் காலத்தில் மகளிடம் சொன்னது, பாக்கியைக் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான். நடிகர் சங்கம் 1952-லேயே வந்துவிட்டது, தனியாகப் போகாமல் நான்கைந்து பேராகச் சேர்ந்து அங்கே முறையிட்டிருக்கலாம் என்றாராம். மகனைக் கேட்டால், 1953-ல் அந்த 600 ரூபாயை வாங்கியிருக்கக் கூடாது என்கிறார்.

நான் மகனோடு ஒத்துப்போகவில்லை. அந்த 600 இல்லையென்றால் நோட்டு 1954-லேயே நின்றிருக்கும். நரையை ஒட்டியது சரி. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது நரை இல்லாமல் எங்கேயாவது நின்றிருக்க வேண்டும், அதற்கு 1961 நாடகம் ஒன்றுதான் வாசலுக்கு வந்த வாய்ப்பு. வாரத்தில் ஒரு மாலை மட்டும் என்று பேசிப் பார்த்திருக்கலாம். அவர் அப்படிக் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை. இன்னொன்று, 1960-க்குப் பிறகு அவர் கை ஓங்கியிருந்த சில வருடங்களில், பேசிய நாளுக்கு மேல் போனால் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த வட்டங்களில் பாதிக்காவது காசு வந்திருக்கும். அது நாள் கூலி ஆகாது, கோட்டையும் தாண்ட வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்துத் தவறும் உண்டு. அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் மேக்கப் போட்ட பெரியவர் ஒருவர் நாங்கள் தொடங்கியபோது உயிரோடு இருந்தார். முதலில் படங்களை முடித்துவிட்டு அப்புறம் அவரைப் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தோம். எட்டு மாதம் கழித்துப் போனபோது அவர் இல்லை. படம் பெட்டியில் காத்திருக்கும், ஆட்களிடம்தான் முதலில் போயிருக்க வேண்டும்.

94-ல் இன்னும் இரண்டு பதிவுகள் எந்தக் கணக்கிலும் சேராமல் நிற்கின்றன. பெயர் வைப்பதற்கு முன்பே நடித்துவிட்டதால் இரண்டுக்கும் "புரொடக்‌ஷன் நம்பர் 2" என்றுதான் எழுதியிருக்கிறார், வேறு வேறு கம்பெனிகள், ஒன்று 1957, ஒன்று 1963. 1957-ல் இருப்பது ஆறு நாள், வாகினி ஸ்டுடியோ, வட்டம் எதுவும் இல்லை, பேசிய தொகை முழுதும் வந்திருக்கிறது. அந்த வருடத்துப் பாட்டுப் புத்தகங்களை நண்பர் மறுபடி ஒரு முறை புரட்டிக்கொண்டிருக்கிறார்.